நீர்க் குத்தகை

(கீழ்பென்னாத்தூரில் தமிழன்பர் கூட்டத்தில் புலவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வரங்கில் நான் வழக்கமாகச் சொல்லாராய்ச்சியே பேசுவேன். இம்முறை தண்ணீரைப் பற்றிப் பேசுக என்று நண்பர்கள் பணித்தனர். தமிழாசிரியனுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கக்கூடும். தொடர்பு உண்டு. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பையே வைத்தார். அறத்தைப் பேசுமுன் மழையைப் பேச வேண்டும் என்று அறிந்த இனம் நம் இனம். மேலும், இன்று தண்ணீரை நம் கையினின்றும் பிரிக்க வருகின்றவர்கள் முதலில் சொற்களைத்தான் மாற்றுகின்றார்கள். ஆகவே இதுவும் ஒரு வகையில் சொல்லாராய்ச்சியே.

'தனியார் பங்கேற்பு' என்னும் தொடரை எடுத்துக் கொள்ளுங்கள். 2002 ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட நாட்டு நீர்க்கொள்கையில், நீர்த் திட்டங்களில் தனியார் பங்கேற்பை ஊக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1992 இல் அயர்லாந்தின் தலைநகராகிய தப்ளினில் கூடிய நீரறிஞர் மாநாட்டில், நீரை ஒரு பொருளியற் பண்டமாகக் கருத வேண்டும் என்று கோட்பாடு வகுத்திருந்தார்கள். பண்டம் என்றாலே விலை உண்டு. விலை என்றால் விற்பவன் உண்டு. விற்பவனுக்குப் 'பங்கேற்பவன்' என்று பெயர் வைத்தால் கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் பங்கேற்பது போல் தோன்றுகிறது.

பங்கு என்றால் என்ன? உழவர்கள் நிரம்பிய இவ்வவைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் நிலத்தை வாரத்திற்கு விடுவதும் உண்டு. குத்தகைக்கு விடுவதும் உண்டு. வாரம் என்றால் விளைந்ததைப் பகிர்வது. மழை பொய்த்து மல்லாட்டை காய்க்கவில்லையா? நிலத்துக்காரனுக்கும் இல்லை, உழுதவனுக்கும் இல்லை. அதுதான் பங்கு. குத்தகை அப்படியன்று. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகை வந்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, நம் தமிழகத்தில் நடந்த இரண்டு செய்திகளைக் கேளுங்கள்.

முதலாவது, திருப்பூர். இந்தியாவிலேயே தனியார் முதலீட்டில் நகர்க்குத் தண்ணீர் கொண்டுவந்த முதற் பெருந்திட்டம் என்று அதனைப் பேசுவார்கள். 1995 இல் 'புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம்' என்று ஒன்றை அமைத்தார்கள். தமிழ்நாட்டரசின் தொழில்வளர்ச்சி நிறுவனம், பின்னலாடை ஏற்றுமதியாளர் கூட்டமைப்பு, ஐ.எல்.எப்.எசு. என்னும் பணநிறுவனம் ஆகியவை அதன் பின்னால் நின்றன. மகிந்திரா, அமெரிக்கப் பெக்டெல் முதலிய குழுமங்கள் பணியை ஏற்ற கூட்டில் இருந்தன. முப்பது ஆண்டு உரிமை. ஏறத்தாழ 1,000 கோடி உருபாச் செலவு. நாளொன்றுக்கு 18.5 கோடி இலிட்டர் நீரைப் பவானிப் பக்கத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவந்தார்கள். 2006 அளவில் திட்டம் இயங்கத் தொடங்கிற்று.

திருப்பூரில் ஆறு இல்லையா? நொய்யல் ஓடுகிறது. அந்நொய்யலைச் சாயக்கழிவால் கொன்றுவிட்டுத்தான் இன்னோர் ஆற்றுக்குப் போனார்கள். ஒரத்துப்பாளையத்தில் 1992 இல் பாசனத்திற்கென்று கட்டிய அணை சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. எந்த உழவனுக்காக அதைக் கட்டினார்களோ அந்த உழவனே 'அந்நீரைத் திறக்காதீர்கள்' என்று கெஞ்சும் நிலை வந்தது. தண்ணீர்ப் பஞ்சம் என்று நாம் சொல்வனவற்றுள் பாதி பஞ்சமன்று, பாழ்.

திருப்பூர்த் திட்டத்தின் கணக்கு இதுதான்: சாயப்பட்டறைகள் ஆயிரம் இலிட்டருக்கு 45 உருபா தரும், அதனால் நகர மக்களுக்கும் சிற்றூர்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே நீர் தரலாம். செல்வன் மிகுதியாகக் கொடுக்கட்டும், எளியவன் குறைவாகக் கொடுக்கட்டும் என்னும் இந்த எண்ணத்தை நான் குறைகூற மாட்டேன். தாளில் அது நல்ல கணக்கு. ஆயின் 2011 சனவரியில் சென்னை உயர்முறைமன்றம், கழிவுநீரை வெளிவிடாமல் தூய்மை செய்ய முடியாத சாயப்பட்டறைகளை மூடுக என்று ஆணையிட்டது. ஆற்றை நினைத்தால் அது முறையான ஆணையே. பட்டறைகள் மூடின, நீரை வாங்குவார் இல்லை. பட்டறைகள் மீண்டும் திறந்த பிறகும், பயன்படுத்திய நீரையே தூய்மை செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டியிருந்ததால் வெளிநீரின் தேவை குறைந்தது. கழகம் கடனில் மூழ்கிற்று. கடனை மாற்றியமைத்தார்கள், அரசு தோள் கொடுக்க நேர்ந்தது. பின்னின்ற ஐ.எல்.எப்.எசு. நிறுவனமே 2018 இல் கடன் கட்ட இயலாமல் முறிந்து விழுந்தது.

இங்கேதான் என் வாரக் கணக்கை நினைவுகூருங்கள். ஆற்றைத் தூய்மையாக வைத்தால் கழகத்துக்கு இழப்பு. ஆறு சாக்கடையானால் கழகத்துக்கு வருவாய். ஊரின் நலமும் நீர் விற்பவன் நலமும் எதிரெதிர்த் திசையில் இழுத்தன. இதைத் திட்டம் தீட்டிய பேரறிவாளர் எவரும் முன்கூட்டி எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் எழுதவில்லை.

இரண்டாவது, கோவை. சிறுவாணி நீர் குடித்து வளர்ந்த ஊர். அந்நீரின் சுவையைப் பெருமையாகப் பேசும் ஊர். அம்மாநகராட்சி 2018 சனவரியில் பிரெஞ்சு நாட்டுச் சூயசுக் குழுமத்தின் இந்தியக் கிளையோடு உடன்படிக்கை செய்தது. பழைய மாநகரப் பகுதியில் ஏறத்தாழ 16 இலக்கம் மக்களுக்கு நாள் முழுவதும் குழாயில் நீர் வழங்க வேண்டும். காலம் 26 ஆண்டு. மொத்தம் 3,000 கோடி உருபா அளவில். அவ்வாண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைக்கு இவ்வுடன்படிக்கை முடியும்போது அகவை முப்பத்திரண்டு ஆகியிருக்கும். அதற்குள் ஐந்து மாமன்றங்கள் வந்து போயிருக்கும்.

அத்தகைய உடன்படிக்கையை எந்த மாமன்றம் ஏற்றது? எந்த மாமன்றமும் இல்லை. 2011 இல் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் காலம் 2016 அக்தோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்பிரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேலான காலம் தனி அலுவலர் ஆட்சி. 1992 இல் நிறைவேறிய 74 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் இரண்டு செய்தி சொல்கிறது: நகராட்சியின் காலம் முடியுமுன் தேர்தல் நடத்த வேண்டும், வீட்டுக்கும் தொழிலுக்கும் நீர் வழங்குதல் நகராட்சியின் பணிகளுள் ஒன்று. முதலாவதை மீறிய காலத்தில், இரண்டாவதை ஒரு வெளிநாட்டுக் குழுமத்தின் கையில் ஒப்படைத்தார்கள். நீர் நல்லதா கெட்டதா, விலை மிகுதியா குறைவா என்னும் வழக்கெல்லாம் பிறகு. வீட்டுக்காரன் ஊரில் இல்லாதபோது வீட்டைக் குத்தகைக்கு விட்டது யார் என்பதே என் வினா.

மாநகராட்சி ஒரு விடை சொன்னது. நீர்க்கட்டணத்தை உறுதிசெய்யும் உரிமை எங்களிடமே உள்ளது. சூயசு வெறும் பணியாளனே என்றது. அவ்விடையை நான் ஒதுக்கவில்லை. அது உண்மை என்றே வைத்துக் கொள்வோம். பணியாளனுக்கு ஆண்டுதோறும் பேசிய தொகையைக் கொடுத்தாக வேண்டுமே! கட்டணம் போதாவிட்டால் எங்கிருந்து கொடுப்பது? ஒன்று, கட்டணத்தை உயர்த்த வேண்டும். அன்றேல் பள்ளிக்கும் தெருவிளக்குக்கும் துப்புரவுக்கும் வைத்த பணத்தில் கைவைக்க வேண்டும். உரிமை நம்மிடம், கட்டாயமும் நம்மிடம். அவனிடம் இருப்பது வருவாய் மட்டுமே. ஐந்தாண்டுக்குள் முடிய வேண்டிய குழாய்ப்பணி அக்காலத்துள் முடியவில்லை என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. 2022 சனவரியில் சூயசின் பெரும்பகுதியை அதன் போட்டிக் குழுமமாகிய வெயோலியா வாங்கிற்று. இந்தியத் தொழில்கள் உள்ளிட்ட எஞ்சிய பகுதி வேறு முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. பெயர் மட்டும் சூயசு. கோவைக் குழாயின் மறுமுனையில் இருப்பவன் பாரிசில் மாறினான். கோவையில் எவரையும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அன்று உடன்படிக்கையை எதிர்த்து முழங்கிய கட்சி 2021 இல் ஆட்சிக்கு வந்தது. உடன்படிக்கை அப்படியே தொடர்ந்தது. நம் கட்சிகளைப் பற்றி இதற்குமேல் நான் சொன்னால் அவைத்தலைவர் மணி அடித்து விடுவார்.

அந்தப் பாரிசின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1985 முதல் பாரிசு நகரின் நீர் வழங்கல், சூயசின் முன்னோடிக் குழுமத்திடமும் வெயோலியாவின் முன்னோடிக் குழுமத்திடமும் இருந்தது. ஆற்றின் ஒரு கரை இவனுக்கு, மறுகரை அவனுக்கு. இருபத்தைந்து ஆண்டு பார்த்தார்கள். 2010 சனவரியில் நகராட்சியே அப்பணியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. முதலாண்டில் மூன்றரைக் கோடி யூரோ மிஞ்சியது என்றும், மறு ஆண்டே நீர்விலையை எட்டு விழுக்காடு குறைத்தார்கள் என்றும் கணக்குக் காட்டினார்கள். தன் வீட்டில் வேண்டாம் என்று கழித்த முறையைத்தான் எட்டாண்டு கழித்து நமக்குப் புதுமை என்று விற்றார்கள்.

திருப்பூரில் கேட்ட பெக்டெல் என்னும் பெயரையும் மறவாதீர்கள். தென்னமெரிக்காவில் பொலிவியா நாட்டுக் கோச்சபம்பா நகரில், 1999 இல், அக்குழுமத்திற்குப் பங்குள்ள ஒரு கூட்டுக்கு நீர் வழங்கலைக் குத்தகைக்கு விட்டார்கள். விலை ஏறிற்று. மக்கள் தாமே தோண்டிய கிணறுகளும் குத்தகைக்காரன் ஆளுகைக்குள் போகும் என்னும் அச்சம் பரவிற்று. 2000 ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஊரே தெருவுக்கு வந்தது. படைத்துறை சுட்டதில் ஓர் இளைஞன் மாண்டான். ஏப்பிரலில் உடன்படிக்கை கிழிந்தது. பின்பு அக்கூட்டு பொலிவியாவின் மீது பல கோடி இழப்பீட்டு வழக்குத் தொடுத்து, உலகமே காறி உமிழ, 2006 இல் பெயரளவுக்கு இரண்டு காசு வாங்கிக்கொண்டு கைவிட்டது. நான்காண்டுக்குப் பின், 2010 சூலையில், தூய குடிநீர் மாந்தவுரிமை என்று உலக நாடுகள் அவை தீர்மானம் இயற்றியபோது, அதை முன்மொழிந்த நாடு அதே பொலிவியாதான். இந்தியாவும் அத்தீர்மானத்துக்கு ஆதரவாகவே கைதூக்கியது.

நடுநிலையோடு இதையும் சொல்ல வேண்டும். கன்னட நாட்டில் ஊப்பள்ளி–தார்வாடு, பெல்காம், குல்பர்கா நகரங்களின் சில பகுதிகளில், உலக வைப்பகக் கடனில், பிரெஞ்சுக் குழுமம் ஒன்று பணியை நடத்தி நாள் முழுவதும் நீர் வழங்கிக் காட்டியது. அப்பகுதிகளில் நீர் ஒழுங்காகவே வந்தது. ஏழை வீடுகளுக்கும் வந்தது. ஆயின் முதல் போட்டது பொதுப்பணம். நகரின் சிறு பகுதியில் நல்ல குழாய் பதித்து, கசிவை அடைத்து, தேர்ந்த ஆட்களை வைத்தால் நீர் வரத்தான் செய்யும். அந்தத் தேர்ச்சி பாரிசுக்காரனுக்கு மட்டும் பிறவியில் வாய்த்ததன்று. நம் பொறியாளர்களுக்கும் உண்டு. அவர்களை ஈராண்டுக்கு ஒருமுறை இடம் மாற்றாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

அரசு நடத்தினால் எல்லாம் அறம், தனியார் நடத்தினால் எல்லாம் மறம் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. 2022 திசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். அது எந்தக் குழுமத்தின் தொட்டியும் அன்று, ஊராட்சித் தொட்டி. தமிழன், தமிழினம் என்று மேடையில் முழங்கும் நாம் அச்செய்தியைக் கேட்டபின் எந்த முகத்தோடு நீரறத்தைப் பேசுவது? பொதுநீர் என்பது பெயரால் பொதுவாக இருந்தால் போதாது. அரசும் கடை விரித்ததுண்டு. 2013 இல் தமிழ்நாட்டரசே ஓர் இலிட்டர் புட்டியைப் பத்து உருபாவுக்குப் பேருந்து நிலையங்களில் விற்றது. வெளியே இருபது உருபா, இங்கே பத்து என்று நாமும் மகிழ்ந்து வாங்கினோம். பேருந்து நிலையத்தில் ஒரு குழாய் வைத்தால் ஒரு காசும் வேண்டாமே என்று எத்தனை பேர் கேட்டோம்?

தாமிரபரணியைப் பாருங்கள். நெல்லை கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் குளிர்நீர்க் குழுமங்களுக்கு ஆற்றுநீரை ஆயிரம் இலிட்டர் 37 உருபா 50 காசுக்குக் கொடுத்தார்கள். அந்நீர் புட்டிக்குள் போய்வந்தால் ஓர் இலிட்டர் இருபது உருபா. தூய்மைச் செலவும் வண்டிச் செலவும் கழித்துக் கொள்ளுங்கள். ஐந்நூறு மடங்குக்கு மேற்பட்ட இடைவெளியை அவை நிரப்பா. வழக்குத் தொடுத்தார்கள், 2016 இல் இடைக்காலத் தடை கிடைத்தது, 2017 மார்ச்சில் வழக்கு தள்ளுபடியாயிற்று. அண்டையில் பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் பெருமாட்டி ஊராட்சி 2003 இல் கோகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அங்கே முதலில் எழுந்தவர்கள் குடம் தூக்கிய பழங்குடிப் பெண்கள். பின்னால் நின்றது ஒரு சிறிய ஊராட்சி மன்றம். இருந்த மன்றம், தேர்ந்தெடுத்த மன்றம்! கோவையில் இல்லாதது அதுதான்.

இனி நம் முன்னோரிடம் வருவோம். உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். முதற் பராந்தகன் காலத்தில் 919 இலும் 921 இலும் வெட்டியவை. அங்கே ஏரி வாரியம் என்று ஒன்று இருந்தது, ஆறு உறுப்பினர், குடவோலையால் தேர்வு, பதவிக்காலம் 360 நாள். அஃது ஒரு பார்ப்பன ஊர். நிலமுடையார் மட்டுமே உறுப்பினராகலாம். பெண்களுக்கும் உழுத குடிகளுக்கும் அதில் இடமில்லை. அதை முழுக் குடியாட்சி என்று நான் பாராட்ட மாட்டேன். ஆயினும் ஒரு விதியைப் பாருங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் உறுப்பினன் ஆக முடியாது. அவன் மட்டுமா? அவன் நெருங்கிய உறவினரும் ஆக முடியாது. 1971 இல் அரசு ஒரு குடிநீர் வடிகால் நிறுவனம் அமைத்தபோது, கல்லில் வெட்டிய 'வாரியம்' என்னும் அச்சொல்லையே அதற்குச் சூட்டியது. சொல் ஆயிரம் ஆண்டு தாங்கி வந்துவிட்டது. கணக்குக் காட்டும் விதி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முந்நூற்றறுபது நாளுக்கு ஆறு பேரை நம்பியவர்கள் அத்தனை விதி செய்தார்கள். இருபத்தாறு ஆண்டுக்கு ஒரு குழுமத்தை நம்பும் நாம், உடன்படிக்கையின் முழுப் படியைத் தமிழில் மக்கள் முன் வைக்கவும் தயங்குகிறோம்.

ஏரியைக் காக்க ஏரிப்பட்டி என்று நிலம் விட்டிருந்த ஏற்பாட்டைக் கும்பணி ஆட்சி வரியாசையால் குலைத்தது. ஏரி பாழானபின், 1858 ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் உழவனை அடித்து வேலை வாங்க முயன்றது. 'குடிமராமத்து' என்றோம், அதில் குடி நம்முடையது, மராமத்து அரபுச் சொல். 2017 இல் அப்பெயரிலேயே அரசு மீண்டும் திட்டம் தொடங்கியது. சொல்லுக்காக நான் வழக்காடவில்லை. குடிகளின் பெயரால் தொடங்கிய அப்பணியில் ஒப்பந்தக்காரரே மிகுதியாகத் தென்பட்டார்கள் என்னும் குறையை ஊரூராகக் கேட்டிருப்பீர்கள்.

'குடி' என்றதும் இன்னொன்று தோன்றுகிறது. புதிய ஏற்பாடுகளில் நம்மைக் குடிமக்கள் என்று எவரும் சொல்வதில்லை, 'நுகர்வோர்' என்கிறார்கள். குடிமகன் கணக்குக் கேட்கலாம், ஆட்சியை மாற்றலாம். நுகர்வோன் முறையீட்டு எண்ணுக்குத் தொலைபேசலாம். அதற்குமேல் அவனுக்கு வழியில்லை.

நம் கீழ்பென்னாத்தூருக்கு எந்தப் பிரெஞ்சுக் குழுமமும் வரப்போவதில்லை. இவ்வளவு சிறிய பேரூராட்சியில் அவனுக்கு என்ன வருவாய்? அதனால் நமக்குத் தனியார் தொல்லை இல்லை என்று எண்ண வேண்டா. உங்கள் வீட்டு மூலையில் நிற்கும் இருபது இலிட்டர்க் கலனைப் பாருங்கள். 'கேன்' என்று சொல்கிறோமே, அதுதான். முப்பது உருபா, நாற்பது உருபா. அது நம் ஊரைச் சூழ்ந்த நிலத்தடியில் ஆழ்துளையிட்டு எடுத்த நம் நீர். உடன்படிக்கை இல்லை, மாமன்றம் இல்லை, கணக்கும் இல்லை. நாமே ஒவ்வொரு வீடாகக் கையொப்பமிட்ட குத்தகை அது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி ஒன்றுக்கு 25 இலக்கம் இலிட்டர் ஏற்றி அனுப்பினார்கள். நம் பக்கத்து மாவட்டத்து நீர். தலைநகரின் நாவறட்சிக்கு நம் நிலம் எந்நேரமும் கடன் கொடுக்கும் என்று அங்கே நினைக்கிறார்கள். சாத்தனூர் அணையின் அளவு நமக்குத்தான் தெரியும்.

ஆகவே இளைஞர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். பேரூராட்சி அலுவலகத்திற்குப் போய், தகவல் உரிமைச் சட்டத்தின்படி மூன்று செய்தி எழுதிக் கேளுங்கள்: நாளொன்றுக்கு எவ்வளவு நீர் ஏற்றுகிறார்கள், அதில் எவ்வளவு வீட்டுக் குழாய்க்கு வந்து சேர்கிறது, கடைசியாக நீரை ஆய்ந்து பார்த்தது எந்நாள். எழுத்துத் தமிழில் இருக்கட்டும். விடையும் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். சுற்றுச் சிற்றூர்களிலிருந்து வந்திருப்போர்க்கு வேறு வழி உண்டு. மார்ச்சு 22, உலக நீர் நாள். அன்று ஊரவை கூட்டுவதைத் தமிழ்நாட்டரசு வழக்கமாக்கியிருக்கிறது. அக்கூட்டத்திற்குப் போய்க் கையொப்பமிட்டுத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். நம் ஊர் ஏரிக் கலிங்கு எப்போது உடைந்தது, ஆக்கிரமிப்பு எவ்வளவு, தாழ்ந்தவர் என்று நீங்கள் ஒதுக்கிய தெருவுக்கு எத்தனை மணிக்குக் குழாய் திறக்கிறார்கள், மற்றத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று தீர்மான ஏட்டில் எழுத வையுங்கள். கடைசி வினாவைக் கேட்பவனுக்கு ஊரில் பகை வரும். வந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள். நானும் உடன் வருகிறேன்.

கிடைத்த விடைகளை எடுத்துக்கொண்டு அடுத்த திங்கள் கூட்டத்திற்கு வாருங்கள், படித்துப் பார்ப்போம்.